கழற்றிப் பூட்ட ஏலாத சாமான் வேண்டாம்

லண்டன் டூட்டிங்கில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, நான் ஊதிவிட்ட புகைக்குள் மூக்கை நீட்டி, பக்கத்தில் நின்ற வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர், "கஸ்டர்டா இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் திக்கென்றது. இந்த நாட்டில் புகை விடுகிறவனோடு முன்பின் தெரியாத ஒருவர் கதைக்கத் தொடங்கினால் அது ஏச்சு வாங்கப்போகிற நேரம். "சொறி, சொறி" என்று பின்வாங்கினேன். அவர் இன்னும் முன்னுக்கு வந்தார். தன் தாயார் ஞாயிற்றுக்கிழமைகளில் கஸ்டர்ட் காய்ச்சுகிறவர், அதே வாசம் என்று என்னவோ சொன்னார். இந்தச் சனம் ஏசுவதையும் சிரித்துக்கொண்டுதானே ஏசும். இதுவும் அப்படி ஒன்றாக்கும் என்று நினைத்து, தரிப்பிடத்தின் மற்றத் தொங்கலுக்குப் போய் நின்றுவிட்டேன். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் மண்டையில் ஏறியது, மனிசி உண்மையிலேயே வாசம் பிடிக்கத்தான் வந்திருக்கிறா. நான் சிகரெட் பத்திய இத்தனை வருஷத்திலும் ஆட்கள் என்னை விட்டு விலகித்தான் நின்றார்கள். கிட்ட வந்த முதல் ஆளை நானே துரத்திவிட்டேன்.

ஊரில் புகைக்கிறவனிடம் "நெருப்பிருக்கோ?" என்று கேட்டு வருவார்கள். பாதிச் சிநேகிதம் அதிலேயே தொடங்கிவிடும். இதற்கு நெருப்பே இல்லை. என் கையில் இருப்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. அதற்குள் ஒரு பற்றரி. மேலே கண்ணாடித் தாங்கி, அதற்குள் நிக்கொட்டினும் கஸ்டர்ட் வாசமும் கலந்த லிக்குவிட். தாங்கிக்கு நடுவில் விரல்நுனி அளவில் கொயில் என்று ஒரு சின்னச் சாமான், கம்பிச் சுருளும் அதைச் சுற்றிப் பஞ்சும். பொத்தானை அமத்தினால் கம்பி சூடாகி, பஞ்சில் ஊறிய லிக்குவிட் ஆவியாகி வாய்க்கு வரும். அவ்வளவுதான் சங்கதி. வேப் என்பார்கள். சிகரெட் பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம், அதை முதலே சொல்லிவிடுகிறேன்; இது பலகாரம் இல்லை. நான் இதைத் தூக்கியது என் இடது காலுக்காக.

கொஞ்சத் தூரம் நடந்தால் போதும், கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். நின்றால் விடும், நடந்தால் பிடிக்கும். அப்பர் டூட்டிங் ரோட்டில் நான் பார்க்காத கடைக் கண்ணாடி கிடையாது. சீலைக்கடை, மீன்கடை, நகைக்கடை என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாமான் பார்க்கிற மாதிரி நின்று நின்று போவேன். வாங்க வந்த ஆள் என்று நினைத்து நகைக்கடைக்காரர் கதவைத் திறந்து "வாங்கோ அண்ணை" என்பார். என்ன சொல்வது? "ஓம், ஓம், மனிசியோட வாறன்" என்று நழுவிவிடுவேன். கடைசியில் ஸ்ரெல்லா, என் மனிசி, இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டா. அங்கே இளம் டொக்டர் ஒருத்தி கையிலும் கணுக்காலிலும் மாறி மாறிப் பட்டி கட்டிப் பிறஷர் பார்த்தா. இரத்தக் குழாய் ஒடுங்கிவிட்டது, சிகரெட்டை விடாவிட்டால் ஒரு காலத்தில் காலை எடுக்க வேண்டி வரலாம் என்றா. நான் சிரித்துவிட்டேன். விளங்கவில்லையாக்கும் என்று அவ இன்னும் ஆறுதலாக, இன்னும் உரத்துச் சொன்னா. எனக்குச் சிரிப்புக் கூடிவிட்டது. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டா.

பிள்ளை, எனக்கு நல்லாய் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்துகொண்டிருந்த ஒழுங்கைகளால் ஓடியவன் நான். மிதிவெடி இருக்கலாம் என்று சொன்ன பற்றைக்குள்ளால், முன்னுக்குப் போகிறவன் அடி வைத்த இடத்திலேயே அடி வைத்து நடந்தவன். என்னோடு படித்தவர்களில் பொய்க்காலோடு இன்றைக்கும் அங்கே இருக்கிறவர்கள் உண்டு. அவ்வளவுக்கும் தப்பி, இரண்டு காலோடும் வந்து சேர்ந்தவன், ஷெல்லுக்கும் மிதிவெடிக்கும் குடுக்காத காலைக் கேவலம் ஒரு பெட்டி சிகரெட்டுக்குக் குடுக்கிறதோ? சிரிப்பு வந்தது அதற்குத்தான். அழுகைக்குப் பதிலாக வந்த சிரிப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம். காலைக் குடுக்கமாட்டன் என்று அந்தக் கதிரையில் இருந்தபடியே தீர்மானித்தேன்.

சிகரெட்டை விடுவிக்கிற கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே நர்ஸ் ஒரு குழாயை நீட்டி ஊதச் சொன்னபோது, பொலிசுக்காரன் குடிகாரனைப் பிடிக்கிற ஞாபகத்தில், "நான் குடிக்கிறதில்லை, கார் கொண்டு வரவும் இல்லை" என்று சத்தியம் பண்ணினேன். அது நெஞ்சில் எவ்வளவு சிகரெட் புகை இருக்கிறது என்று பார்க்கிற மெஷினாம். முதல் சிகரெட் எத்தனை வயதில், எங்கே, யாரோடு என்று கேட்டா. எனக்கு வியர்த்துவிட்டது. அகதி விண்ணப்பம் கொடுத்து இண்டர்வியூவுக்கு இருந்தவர்களுக்கு இது விளங்கும். முன்னுக்குச் சொன்னதும் பின்னுக்குச் சொன்னதும் ஒரு சொல் பிசகினாலும் பொய் என்று எழுதிவிடுவான்களே. அந்தப் பயம் எலும்புக்குள் இருக்கிறது. யோசித்து யோசித்து, ஒரு சாட்சியம் மாதிரிப் பதில் சொன்னேன். அந்தப் பிள்ளை பாவம், நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக் கொடுத்தா.

அவர்கள் தந்தது பேனை மாதிரி ஒரு சின்ன வேப். மூடி ஒட்டிய சாமான், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. அது பழுதானால் எறிய வேண்டியதுதான். எனக்குச் சரிவராது. கழற்றிப் பூட்ட ஏலாத சாமான் என்னுடைய சாமான் இல்லை. தெருக்கோடியில் இருக்கிற வேப் கடைக்குப் போய், பற்றரி வேறு, தாங்கி வேறு, கொயில் வேறு என்று பிரிகிற இந்தப் பெட்டியை வாங்கினேன். கடைக்காரியின் பெயர் ஜேட். இரண்டு கையிலும் முழங்கை வரை பூவும் பாம்புமாகப் பச்சை குத்தியிருப்பா. புதுக் கொயில் போட்டால் பஞ்சில் சில துளி லிக்குவிட் விட்டு, தாங்கியையும் நிரப்பி, ஊறும் வரை பொறுக்க வேண்டும் என்று சொன்னா. நான் பொறுத்தேனா? வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பூட்டினேன், அமத்தினேன், இழுத்தேன். காய்ந்த பஞ்சு கருகி, தொண்டைக்குள் தலையணை எரிந்த மாதிரி ஒரு நாற்றம். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுக்குச் சிகரெட்டே பரவாயில்லை எண்டு மட்டும் வாய் திறந்தீங்களோ, தெரியும்" என்றா ஸ்ரெல்லா. அதைத்தான் சொல்ல வாய் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

வீட்டில் இப்படி என்றால் வேலையில் வேறு சோதனை. என் தொழிலே சிகரெட் விற்பதுதான். பெற்றோல் ஸ்ரேசனில் கல்லாவில் நிற்கிறேன். ஊரில் கடை வாசலில் கண்ணாடிப் போத்தலில் தெரிகிற மாதிரி வைத்து, ஒன்று ஒன்றாகவும் விற்பார்கள். இங்கே என் முதுகுக்குப் பின்னால், சாம்பல் நிறக் கதவு போட்ட அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம். யாராவது கேட்டால் கதவைக் கொஞ்சம் திறந்து எடுத்துவிட்டு உடனே மூடவேண்டும், அது சட்டம். ஒரு ஷிப்டில் எத்தனை தரம் அந்தக் கதவைத் திறக்கிறேனோ, அத்தனை தரம் என்னோடு நான் மல்லுக்கட்டுகிறேன். பக்கத்துக் கல்லாவில் அன்ரன் நின்றான். லண்டனுக்கு வந்த காலத்தில் ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில், ஒரே போர்வைக்குக் கீழே கிடந்தவர்கள் நாங்கள் இருவரும். ஒரு சிகரெட்டைப் பாதியாக முறித்து ஜன்னலால் தலையை நீட்டிப் பத்தியவர்கள். என் வேப்பைக் கண்டதும், "என்னடா தாஸ், பால்குடி மறக்காத பிள்ளை மாதிரிச் சூப்பியோட நிக்கிறாய்?" என்று அவன் கல்லாவைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சிரித்துவிட்டு, இடைவேளையில் நான் பின்பக்கம் போனால் தன் சிகரெட்டோடு என்னிடம் வராமல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பத்துவான்.   எனக்கு மணம் வரக்கூடாது என்றுதான்.

மாரிகாலத்தில் என் பெட்டியின் பற்றரி வலுக்குறைந்துபோனது. காலையில் சார்ஜ் போட்டால் மத்தியானத்துக்கு முன்னமே கண்ணை மூடிவிடும். வடக்குக்குப் பற்றரியே போகக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்த சண்டைக் காலத்தில் வளர்ந்தவன் நான். சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி, எல்லாவற்றுக்கும் தடை. சட்டைப்பையில் ஒரு ரோச் பற்றரியோடு ஆமியின் சென்றிக்குள் அகப்பட்டால் அடி நிச்சயம். அதனால் செத்த பற்றரியை நாங்கள் எறியமாட்டோம். தகரக் கூரையில் வெயிலுக்கு வைப்போம். நல்லாய்ச் சூடு ஏறினால் கொஞ்ச நேரம் உயிர் வரும், பொழுதுபட்டதும் ரேடியோவில் செய்தி கேட்க அது போதும். எந்த ஊரில் குண்டு போட்டான், எந்தப் பாதை பூட்டு என்பதெல்லாம் அந்தச் செய்தியில்தான் எங்களுக்குத் தெரியும். அப்படிப் பழகின கை சும்மா இருக்குமா? லண்டனில் வெயிலுக்கு எங்கே போவது? பற்றரியைக் கழற்றி, ஹோலில் கொதித்துக்கொண்டிருந்த ஹீற்றரின் மேல் பக்குவமாக வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போனேன். நான் செய்தது புத்திசாலித்தனம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

"இஞ்சாருங்கோ! என்ன சனியன் இது?" என்று ஸ்ரெல்லா கத்தினா. ஓடிவந்து பார்த்தால் பற்றரியின் பச்சைத் தோல் சுருங்கி ஒரு பக்கம் உரிந்துபோயிருந்தது, பிளாஸ்ரிக் கருகும் மணம். அவ இறைச்சி திருப்புகிற இடுக்கியால் அதைத் தூக்கி, பல்கனியில் இருந்த மண் சட்டிக்குள் போட்டா. ஆறிய பிறகு அந்தச் சட்டியோடே ஜேட்டிடம் கொண்டுபோனேன். அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. இது லிதியம், சூடாக்கினால் வெடிக்கும், வீடே எரிந்துபோகும் என்று பொரிந்து தள்ளினா. பிறகு, "ஏன் அதைச் சூடாக்கினீர்கள்?" என்று கேட்டா.

"என்ர நாட்டில நாங்கள் பற்றரியைச் சூடாக்குவம்" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "ஏன், உங்கள் நாடு அவ்வளவு குளிரா?" "இல்லை, சரியான வெக்கை." அவ என்னைப் பார்த்தா, சட்டியைப் பார்த்தா. எங்கே இருந்து தொடங்குவது? தடையைச் சொல்வதா, சென்றியைச் சொல்வதா? "பழைய பழக்கம்" என்றேன். புதுப் பற்றரியும், அதை வைக்க ஒரு பிளாஸ்ரிக் டப்பாவும் தந்தா. சாவிக்கொத்தோடு சேர்த்துப் பொக்கற்றில் போடாதே, தோல் உரிந்ததைத் தொடாதே, ஹீற்றர் பக்கமே போகாதே என்று வரிசையாகச் சொல்லி, விளங்கியதா என்று திருப்பியும் கேட்டா. எனக்குக் கோபம் வந்தது. அவவில் இல்லை. என் தலையில் இருக்கிற அறிவில் பாதி இந்த நாட்டில் ஆளைக் கொல்லுகிற அறிவாகப் போய்விட்டதே என்றுதான் கோபம். ஆனால் படித்தேன். கொயில் எப்போது கழுவலாம், எப்போது எறிய வேண்டும், எந்த ரப்பர் வளையம் தேய்ந்தால் ஒழுகும், எல்லாம் அந்தப் பிள்ளையிடம் கேட்டுக் கேட்டுப் படித்தேன். சிகரெட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்றால், இந்தப் பெட்டி என் கையில் ஓடவேண்டும்.

கோடை தொடங்க அன்ரன் செத்துப்போனான். வீட்டு வாசலில் சப்பாத்துக் கழற்றக் குனிந்தவன் நிமிரவில்லை. இருதயமாம். இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை. அவன் தமையன் பீற்றர் அண்ணை போன் எடுத்து, "தாஸ், சவப்பெட்டி தூக்க ஒரு தோள் குடு. சேமக்காலை வாசலில இருந்து குழி மட்டும். நீ முன்னுக்கு நிக்கோணும், அன்ரனுக்கு உன்னைவிட்டா ஆர்?" என்றார். ஸ்ரெல்லா என் காலைப் பார்த்தா. "உங்களால ஏலுமே? நடுவழியில கால் பிடிச்சா, பெட்டியோட எல்லாரும் விழவேண்டியதுதான்." எனக்கும் அந்தப் பயந்தான். சிகரெட்டை விட்ட பிறகு, காலில் நோ வரும் வரை நட, வந்தால் நின்று, திரும்பவும் நட என்று டொக்டர் சொன்னதை ஒரு நாளும் தவறாமல் செய்து வந்தேன். நகைக்கடைக்காரர் இப்போது என்னைக் காண்பதே இல்லை. ஆனாலும் தோளில் பாரத்தோடு நான் நடந்து பார்த்ததில்லை. "ஏலும்" என்றேன்.

அடக்கத்தன்று வேதக் கோயில் வாசலில் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சேட்டுமாக ஆம்பிளைகள் எல்லாம் வட்டமாக நின்றோம். ட்ராபிக்கில் மாட்டி அன்ரனைக் கொண்டுவருகிற பிரேதக் கார் பிந்திக்கொண்டிருந்தது.  வேப்பை எடுத்து அமத்தினேன். கொயிலைக் காணவில்லை என்று அதன் சின்னத் திரையில் எழுத்து ஓடியது. திரும்ப அமத்தினேன். அதே எழுத்து. இருந்திருந்து இன்றைக்குத்தானா என்று பல்லைக் கடித்தேன். அப்போது பீற்றர் அண்ணை வந்தார். எங்கள் பக்கத்துச் செத்த வீட்டில் வருகிற ஆம்பிளைகளுக்கு வெத்திலைத் தட்டத்தில் சிகரெட்டும் சுருட்டும் வைத்து நீட்டுவார்கள். துக்கக்காரன் கையால் நீட்டினதை வேண்டாம் என்பது அவனை மதியாத மாதிரி. இங்கே தட்டத்துக்கு எங்கே போவது? அவர் ஒரு சிகரெட் பெட்டியை உடைத்து ஆளாளுக்கு நீட்டிக்கொண்டு வந்தார். என்னிடமும் ஒன்றை நீட்டினார். "அன்ரனுக்காக ஒண்டு பத்தடா, தாஸ்." எப்படி மறுக்கிறது? எடுத்தேன். நெருப்பும் வந்தது. யாரோ ஒருவர் லைற்றரை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

என்னை எனக்குத் தெரியும். ஒன்றோடு நிற்கிற ஆள் இல்லை நான். அன்றைக்கு ஒன்று என்றால், அடுத்த நாள் ஷிப்டில் அந்தச் சாம்பல் கதவை எனக்காகத் திறப்பேன். அன்ரனும் இதே சிகரெட்டோடு நின்றவன்தானே. "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு, விறுவிறென்று பொம்பிளைகள் நின்ற பக்கம் போனேன். அன்ரனின் மனிசியைப் பிடித்தபடி நின்ற ஸ்ரெல்லாவிடம் சிகரெட்டை நீட்டி, "இதைப் பிடியும். உம்மட சேலை ஊசி ஒண்டு தாரும்" என்றேன். அவ தோளில் மடிப்பைப் பிடித்திருந்த ஊசியைக் கழற்றித் தந்தா. சிகரெட்டை உள்ளங்கைக்குள் வைத்துக் கசக்கி, தூளை அப்படியே பூப்பாத்திக்குள் உதறினா.

கோயில் படியில் குந்தியிருந்து கழற்றினேன். முதலில் பற்றரியை எடுத்து டப்பாக்குள் போட்டேன். தாங்கியைத் திருகி எடுத்து, பொக்கற்றில் இருந்த லேஞ்சியை விரித்து அதில் நிமிர்த்தி வைத்தேன். பெட்டியின் வாய்க்குள் நடுவில், கொயிலைத் தொடுகிற ஒரு சின்னக் குமிழ் இருக்கும். ஒழுகிய லிக்குவிட் கறுத்துப் பசையாகிப் படிந்து, குமிழும் உள்ளுக்கு அமிழ்ந்துபோயிருந்தது. ரிசுக் கடதாசியால் துடைத்தேன். பூட்டிப் பார்த்தேன், அதே எழுத்து. திரும்பக் கழற்றினேன். அதற்குள் என்னைச் சுற்றி ஆட்கள். "என்னடாப்பா, செத்த வீட்டில வந்து காபரேட்டர் கழுவுறாய்?" என்று ஒருவர். "மண்ணெண்ணெயில ஓடுமோ எண்டு கேட்டுப் பார்" என்று இன்னொருவர். எல்லோரும் தடைக்காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள். பகிடி விட்டுக்கொண்டே ஒருவர் குனிந்து என் தாங்கி சரியாமல் பிடித்தார், இன்னொருவர் வெளிச்சத்துக்கு போனைப் பிடித்தார். ஊசி நுனியால் குமிழை ஒரு மயிரளவு, மெத்தெனக் கிளப்பினேன். பூட்டினேன். பற்றரியைப் போட்டேன். திரையில் எழுத்து மறைந்து இலக்கம் வந்தது. ஒரு இழுவை இழுத்து மூச்சு விட்டபோது, எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுகை வந்தது. பீற்றர் அண்ணை என் முதுகில் கை வைத்தபடி நின்றார். அவர் என்னை மதியாதவன் என்று நினைக்கவில்லை. "அவனுக்கும் இப்பிடி ஒண்டை வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

சேமக்காலையில் இன்னொரு இழுபறி. பாதை ஈரம், சில்லு வண்டியில் தள்ளிக்கொண்டு போவோம் என்றார் அடக்கம் செய்கிற கொம்பனியின் உயரத் தொப்பிக்காரர். "எங்கட ஆளை வண்டியில தள்ளுறேல்லை" என்று பீற்றர் அண்ணை ஒரே பிடியாக நின்றார். அப்படியென்றால் ஒரு பக்கமாவது பழகிய ஆட்கள் தூக்கவேண்டும், விழுந்தால் பொறுப்பு எங்களுடையது என்றார் தொப்பிக்காரர். கடைசியில் ஒரு பக்கம் அவருடைய மூன்று பேர், மற்றப் பக்கம் நாங்கள் மூன்று பேர் என்று முடிவானது. தூக்கித் தோளில் வைத்தோம். எனக்கு நேரே நின்ற வெள்ளைக்காரன் பெட்டிக்குக் கீழால் கையை நீட்டி என் தோளைப் பிடித்தான், என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டான். நடந்தோம். அவர்கள் தொப்பிக்காரரின் சொல்லுக்கு அளந்து அளந்து, அரையடியாக வைக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது. பிரேதத்தோடு விரசாக நடந்துதான் பழக்கம். பாதி வழியில் கெண்டைக்கால் இறுகத் தொடங்கியது. நிற்க வழியில்லை. நிற்கவும் இல்லை. என் கை, பெயர்கூடத் தெரியாத அந்த மனிசனின் கோட்டை இறுக்கிப் பிடித்தது. அவனும் என்னை இறுக்கினான். அந்தப் பக்கம் அவர்களின் நடை, இந்தப் பக்கம் எங்களின் நடை. நடுவில் அன்ரன், ஒரு நடைக்கும் முழுதாய்ச் சேராமல் ஆடி ஆடி, குழி வரை எங்களோடு வந்தான்.